பதினோரு குடும்பத்துத் தண்ணீர்

தில்லைநாயகம் அன்று காலை காப்பி போட எடுத்த தண்ணீர், முந்தின நாள் மதியம் வரை அவன் மனைவி மங்கையின் வியர்வையாக இருந்தது. மாலை வரை வேறொன்றாக இருந்தது. அது என்ன என்று அந்தக் காலத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கலனுக்குள் போய், கொதித்து ஆவியாகி, ஏழு வடிகட்டிகளைத் தாண்டி, விடியும்போது குழாயில் வந்து நின்றால் அது தண்ணீர்தான். தில்லைநாயகம் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "வீட்டுத் தண்ணி வீட்டுத் தண்ணிதான்" என்றான். தினமும் சொல்கிறவன்தான்.

வீடு என்று அவன் சொன்னது எட்டுச் சக்கரமுள்ள ஓர் ஊர்தியகத்தை. கடல் உள்ளே வந்து பாதி நிலத்தை எடுத்துக்கொண்ட பிறகு, மீதியில் சூரியத் தகடுகளை விரித்துவிட்டார்கள். மனிதர்களுக்கு மிஞ்சியது சாலை மட்டும். நகர்வுச் சட்டப்படி எந்த ஊர்தியகமும் ஓரிடத்தில் மூன்று நாளைக்கு மேல் நிற்கக் கூடாது. வெயிலில் மலையடிவாரம், பனியில் சமவெளி என்று நாடே உருண்டுகொண்டிருந்தது. பிறந்து, படித்து, கல்யாணம் பண்ணி, செத்துப்போவது வரை எல்லாம் சக்கரத்தின் மேல்தான்.

சாலைக்குப் பஞ்சமில்லை, தண்ணீருக்குத்தான். மழை பெய்து பதினான்கு வருடம் ஆகியிருந்தது. மேகம் வரும், நிற்கும், போய்விடும்; அண்ணாந்து பார்ப்பதைக்கூட ஜனங்கள் விட்டுவிட்டார்கள். எனவே ஒவ்வொரு ஊர்தியகமும் எப்போதோ நிரப்பிய தண்ணீரையே சுற்றிச் சுற்றிப் பயன்படுத்தியது. குடித்தது, குளித்தது, வியர்த்தது, மூச்சில் விட்டது, கழித்தது அத்தனையையும் சுழல்நீர்க் கலன் பிடித்து வைத்துத் திருப்பிக் கொடுத்தது. வண்டியை விற்றால் தண்ணீரோடுதான் விற்க வேண்டும். ஆகவே வண்டி வாங்கப் போகிறவன் அச்சையும் மின்கலத்தையும் அப்புறம்தான் பார்ப்பான். முதலில் கேட்பது, இது யாருடைய தண்ணீர் என்பதை.

அதற்குப் பதில் சொல்லத்தான் நீர்வழிப் பட்டயம் வந்தது. கலனில் உள்ள தண்ணீர் எந்தெந்தக் குடும்பத்து உடம்புகளுக்குள் போய்வந்தது, அவர்கள் என்ன தொழில் செய்தார்கள் என்பதெல்லாம் பதிந்த நகக்கண் அளவுச் சில்லு. கல்யாணம் பேசும்போது இரண்டு பட்டயங்களையும் வைத்துப் பத்துப் பொருத்தம் பார்த்தார்கள். தாலி ஏறிய கையோடு பெண் தன் வீட்டுத் தண்ணீரில் ஒரு குடம் கொண்டுவந்து மாப்பிள்ளை வீட்டுக் கலனில் ஊற்றுவாள். நீர்சேர்ப்பு என்று அதற்குப் பெயர். இத்தனை வடிகட்டியையும் கண்டுபிடித்த மனித மூளைதான் இதையும் கண்டுபிடித்தது. சொல்லவே கூசுகிறது, ஆனால் நடந்தது அதுதான்.

தில்லைநாயகத்துக்குப் பட்டயங்களைச் சரிபார்க்கும் உத்தியோகம். திரையில் ஒரு நாளைக்கு நாற்பது பட்டயம் படிப்பான். படிக்கப் படிக்க அவனுக்கு மனிதர்கள் மேல் அருவருப்பு ஏறிக்கொண்டே போயிற்று. பக்கத்து வண்டிக்காரர் தும்மினால் தன் வண்டியின் காற்றுத் துளையை மூடிவிடுவான். மங்கை அதற்கு நேரெதிர். அவள் வடிகட்டி மெக்கானிக். ஊரார் வண்டிகளின் அடியில் படுத்து வடிகட்டிகளைக் கழற்றி, அப்பியிருப்பதைச் சுரண்டி எடுத்து, "இது கீழ்ப்படுக்கைக்காரரோட தலைமுடி" என்று சாதாரணமாகச் சொல்வாள். வேலை முடிந்து வருகிறவள், யாருடைய தண்ணீர் என்ற கணக்கே இல்லாத பொதுநீர்க் கொட்டகையில் குளித்து, நன்றாக உலர்ந்த பிறகுதான் வண்டிக்குள் ஏறலாம் என்பது தில்லைநாயகம் போட்ட ஏற்பாடு. ஐந்து வருடமாக அவளும் ஏதோ ஒத்துப்போய்க்கொண்டிருந்தாள்.

இப்போது அவளுக்கு ஆறு மாதம். அவர்களுடைய கலன் இரண்டு பேருக்கானது. மூன்றாவது ஆளுக்குத் தண்ணீர் இல்லாத வண்டியில் குழந்தையைப் பதிவு செய்யமாட்டார்கள். பிரசவம் பொதுநீர் விடுதியில்தான் ஆகும். குழந்தையும் பொதுநீர்ப் பிள்ளை என்று பதிவாகிவிடும். பட்டயமே கிடையாது. அந்த வார்த்தையைத் தில்லைநாயகம் வாயால்கூடச் சொல்லமாட்டான். வறண்ட வீராணம் ஏரிக்குள் வருடத்துக்கு மூன்று தடவை கூடும் வண்டிச் சந்தைக்கு அவர்கள் வந்தது அதனால்தான். அடுத்த சந்தை வருவதற்குள் குழந்தை பிறந்துவிடும். இந்த மூன்று நாளில் வண்டியை மாற்றியாக வேண்டும்.

தரகர் சூசை முதல் நாளே நல்ல வண்டியாகத்தான் காட்டினார்.

"ஏறிப் பாருங்க சார். எட்டுப் பேர் கலன். அச்சு போன வருஷம் மாத்துனது. ரெண்டு பக்கமும் ஜன்னல். தொட்டில் மாட்டக் கொக்கிகூட இருக்கு தங்கச்சி, அங்க பாருங்க."

மங்கை கொக்கியைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து திருப்புளியை எடுத்து, வயிற்றைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்து, கலனின் மூடியைத் திறந்தாள்.

"ஏழும் நல்ல வடிகட்டிங்க. உள்ள கண்ணாடி மாதிரி இருக்கு. இப்படி வச்சிருக்கிற வண்டிய நான் பாத்ததே இல்ல."

தில்லைநாயகம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவன் பட்டயத்தைப் படித்துக்கொண்டிருந்தான். படிக்கப் படிக்க மூக்கு சுருங்கியது.

"பதினோரு குடும்பம்."

"ராசியான வண்டி சார். கைமாறிக்கிட்டே இருந்திருக்கு."

"சாலை போடுறவங்க. முடி வெட்டுறவர். பிண வண்டி ஓட்டினவர். ஒரு ஆட்டக் குழு, எட்டுப் பேர்."

"அதுக்கப்புறம் ஒரு நீதிபதி இருந்திருக்காரு, அதையும் படிங்க."

"நீதிபதி யாருடைய தண்ணியக் குடிச்சாரு? அந்த எட்டுப் பேரோடது."

சந்தை வழக்கப்படி சூசை இரண்டு டம்ளரில் கலன் தண்ணீரைப் பிடித்து நீட்டினார். தில்லைநாயகம் டம்ளரை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தான். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. அவன் கண்ணுக்கு அது தெரியவில்லை. யாரோ ஒரு கிழவரின் பொக்கை வாய் தெரிந்தது. பிண வண்டிக்காரரின் அக்குள் தெரிந்தது. எட்டு ஆட்டக்காரர்கள் ஆடி முடித்துத் துடைத்துக்கொண்ட எட்டுத் துண்டுகளும், யாரோ ஒரு குழந்தையின் மூத்திரத் துணியும் தெரிந்தன. அவனுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு விரல்களைக் கால்சட்டையில் துடைத்தான்.

"நல்லா இருக்குங்க. குளுகுளுன்னு இருக்கு" என்றாள் மங்கை. அவள் கையிலிருந்த டம்ளர் காலியாக இருந்தது.

"குடிச்சிட்டியா?"

"தாகமா இருந்துச்சு."

தில்லைநாயகம் இரண்டடி பின்னால் போனான். அவன் மூளை கணக்குப் போடத் தொடங்கியது. அந்த ஒரு டம்ளர் இப்போது அவள் வயிற்றில் இருக்கிறது. சற்று நேரத்தில் மூச்சாக வரும், வியர்வையாக வரும், இரவுக்குள் வேறொன்றாகவும் வரும். அதெல்லாம் எங்கே வரும்? அவன் வண்டியில் வரும். அவன் கலனுக்குள் போகும். நாளைக் காலைக் காப்பியில் பிண வண்டிக்காரர் இருப்பார்.

அலுவலக விதிப்படி அந்நிய நீர் அருந்தியவர் இரண்டு முழு நாள் சொந்தக் கலனில் கலக்கக் கூடாது. தில்லைநாயகம் வண்டிக்குப் போய் மங்கையின் தலையணை, இரண்டு புடவை, சத்து மாத்திரை எல்லாவற்றையும் படிக்கட்டில் கொண்டுவந்து வைத்தான். கையில் கொடுக்கவில்லை. வைத்துவிட்டுத் தள்ளி நின்றான்.

"ஆறு மாசக்காரி போய்க் கொட்டகையில படுக்கணுமா?"

"ரெண்டு நாள்தான் மங்கை. விதி அப்படி."

"யாரு போட்ட விதி?"

"நானா போட்டேன்?" என்றான் தில்லைநாயகம். அந்த விதியின் இரண்டாம் பிரிவை எழுதியது அவன்தான். மங்கை தலையணையை இடுக்கிக்கொண்டு, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பொதுநீர்க் கொட்டகைக்கு நடந்தாள். ஏரிக்கு மேலே மேகம் கறுத்துக் கிடந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

மறுநாள் சூசை ஏழு வண்டிகளைக் காட்டினார். ஒன்றில் நான்கு குடும்பம், ஒன்றில் ஆறு. இன்னொன்றின் பட்டயத்தில் மூன்று மாதம் விட்டுப்போயிருந்தது. அந்த மூன்று மாதம் யார் இருந்தார்களோ என்று தில்லைநாயகம் படியில்கூடக் கால் வைக்கவில்லை. சூசைக்குப் பொறுமை போய்விட்டது.

"உங்களுக்கு ஏத்தது ஒண்ணுதான் இருக்கு சார். நான் காட்ட வேண்டாம்னு நெனச்சேன்" என்று சொல்லி, ஏரிக்கரை ஓரம் தனியாக நின்ற ஒரு வண்டிக்கு அழைத்துப் போனார்.

அதற்கு ஜன்னல்களே இல்லை. இருந்த இடங்களைப் பற்றவைத்து மூடியிருந்தார்கள். வெளியே ஐயாறப்பன் என்ற பெரியவரும் அவர் மனைவி உலகம்மாளும் இரண்டு பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். விற்றுவிட்டுப் போவதில் அவர்களுக்கு இருந்த அவசரம் யார் கண்ணிலும் படும். தில்லைநாயகம் கண்ணில் படவில்லை. அவன் பட்டயத்தைத்தான் பார்த்தான். அதில் ஒரே வரி இருந்தது. நான்கு தலைமுறை, ஒரே குடும்பம். வண்டி கட்டி முடித்து நிரப்பிய நாளிலிருந்து ஓர் அந்நியத் துளி உள்ளே போனதில்லை; மருமகள்கள் கொண்டுவந்த நீர்சேர்ப்புக் குடத்தைக்கூட வெளியேதான் கொட்டியிருந்தார்கள். பத்து வருட உத்தியோகத்தில் இப்படி ஒற்றை வரிப் பட்டயத்தை அவன் கண்டதே இல்லை. அவன் கண் கலங்கிவிட்டது.

தன் பட்டயத்தோடு பொருத்தம் பார்த்தான். பத்துக்கு ஒன்பது. அந்த ஒற்றை வரியில் தன் குடும்பத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை, கைரேகை வைத்த பிறகு வெளித் தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளே வரக் கூடாது. ஈரமூச்சு விடும் வெளியாளையும் ஏற்றக் கூடாது.

மூச்சின் ஈரத்தை வெளியே விடாத உலர்முகமூடியைப் போட்டுக்கொண்டு தில்லைநாயகம் உள்ளே ஏறினான். நான்கு பேர் கலன் என்று எழுதியிருந்தது. கட்டில் போட்டால் நடக்க இடமில்லை. முகமூடியையும் தாண்டி ஒரு வாடை வந்தது.

"என்ன வாடை?"

"பழைய வண்டி இல்லீங்களா" என்றார் ஐயாறப்பன், அவன் முகத்தைப் பார்க்காமல். உலகம்மாள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எதுக்கும் ஒரு மெக்கானிக்க விட்டு வடிகட்டியப் பாத்துடலாம் சார்" என்றார் சூசை. "உங்க வீட்டம்மாவே அந்த வேலைதானே?"

"அவ கொட்டகையில இருக்கா. வெளி மெக்கானிக்க ஏத்தினா இந்தப் பட்டயம் என்னத்துக்கு ஆகும்?"

தில்லைநாயகம் கொட்டகைக்குப் போய், வாசலுக்கு வெளியே நின்றபடி மங்கையிடம் விஷயத்தைச் சொன்னான். அவள் முப்பது பேருக்கு நடுவில் உட்கார்ந்து யாரோ கொடுத்த சுண்டலைத் தின்றுகொண்டிருந்தாள்.

"ஜன்னல் இல்லாத வண்டியா? குழந்தை எதைப் பாக்கும்?"

"ஜன்னலா முக்கியம்? ஒத்த வரி மங்கை. நம்ம பிள்ளை அஞ்சாம் தலைமுறையா பதிவாகும்."

"நாளைக்கு நான் பையோட வந்து கலனத் திறந்து பாத்துடறேன். அப்புறம் கைரேகை வைங்க."

"உனக்கு ரெண்டு நாள் முடியறது நாளைக்குச் சாயங்காலம். சந்தை மத்தியானத்தோட முடியுது."

"அப்ப அந்தப் பதினோரு குடும்பத்து வண்டியையே எடுங்க. அதை நான் பாத்துட்டேன்."

தில்லைநாயகம் அவளைப் பார்த்தான். தன் பிள்ளை அந்த டம்ளரிலிருந்து குடிப்பதை நினைத்துப் பார்த்தான். உடம்பு கூசியது. "உன் நல்லதுக்கும் பிள்ளை நல்லதுக்கும்தான் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான். அவன் அதை மனதார நம்பினான். அதுதான் இந்தக் கதையில் எரிச்சலான விஷயம்.

மூன்றாம் நாள் மதியம் கைரேகை வைத்தான். பழைய வண்டி அதன் தண்ணீரோடு யாருக்கோ கைமாறியது. தில்லைநாயகம் தன் சாமான்களை உலர்த்தித் துடைத்து ஏற்றி, உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். முகமூடியைக் கழற்றினான். வாடை நேராக முகத்தில் அடித்தது. நான்கு தலைமுறை வாசனை என்று மனதைத் தேற்றிக்கொண்டு, குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்து வைத்தான்.

அப்போதுதான் கூரையில் சத்தம் கேட்டது. யாரோ கல்லெறிகிறார்கள் என்று முதலில் நினைத்தான். வண்டிக்கு ஜன்னல் இல்லாததால் கதவிலிருந்த கையகலக் கண்ணாடியில் எட்டிப் பார்த்தான்.

மழை பெய்துகொண்டிருந்தது.

ஏரிக்குள் நின்ற அத்தனை வண்டிகளும் கூரை மூடிகளைத் திறந்துவிட்டிருந்தன. ஜனங்கள் குடம், வாளி, குழந்தைகளின் தொட்டி என்று கைக்கு அகப்பட்டதை எல்லாம் வெளியே வைத்தார்கள். வாயைத் திறந்துகொண்டு வானத்தைப் பார்த்து நின்றார்கள். சிலர் அழுதார்கள். கலன்களுக்குள் மழை கொட்டியது; மூன்று குடும்பத்துத் தண்ணீரும் முப்பது குடும்பத்துத் தண்ணீரும் அதில் ஒன்றாகிப் போயின. ஒரு மணி நேரத்தில் அந்தச் சந்தையிலிருந்த பட்டயங்கள் எல்லாம் செல்லாக்காசாகிவிட்டன. யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

தில்லைநாயகம் மட்டும் வண்டிக்குள் ஓடி ஓடி ஒவ்வொரு காற்றுத் துளையாக மூடினான். கதவிடுக்கில் துணியை அடைத்தான். பிறகு, தன் உத்தியோகப் பழக்கத்தை விடாமல், சுவரிலிருந்த பட்டயப் பொறியிடம் கேட்டான்.

"மழைநீர். நீர்வழி என்ன?"

பொறி கொஞ்ச நேரம் யோசித்தது. "கடல், ஆறு, சாக்கடை, விலங்கு, மனிதர்" என்றது. "குடும்பங்களின் எண்ணிக்கை: எல்லாம்."

கதவை யாரோ தட்டினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மங்கை நின்றாள். கூந்தலிலிருந்தும் முழங்கையிலிருந்தும் வயிற்றின் மேட்டிலிருந்தும் தண்ணீர் ஒழுகியது. கதவில் பொருத்தியிருந்த ஒலிபெருக்கி வழியே அவள் குரல் வந்தது.

"ஏங்க, அந்தத் தண்ணியக் குடிச்சிடாதீங்க. குடிச்சிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. ஏன்?"

"வடிகட்டி ஒண்ணுகூட வேலை செய்யல. ஆறு வருஷமாச்சாம். உலகம்மா இப்பத்தான் மழையில நின்னுக்கிட்டு எங்கிட்ட அழுதாங்க. மெக்கானிக்க ஏத்தினா பட்டயம் போயிடும்னு பெரியவரு யாரையும் விடலியாம். கழிச்சதெல்லாம் அப்படியே சுத்தி வருது. துணியில வடிகட்டி, ஏலக்காய் தட்டிப் போட்டுக் குடிச்சிருக்காங்க."

தில்லைநாயகம் மேசைமேல் இருந்த டம்ளரைப் பார்த்தான். வெளிச்சத்தில் அது இளமஞ்சளாக இருந்தது. அடியில் ஏதோ படிந்திருந்தது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நானும் அதத்தான் அவங்களக் கேட்டேன். 'யாரு தண்ணின்னு கேட்டாரு, சொன்னோம். சுத்தமான்னு அவரு கேக்கவே இல்லியே கண்ணு'ன்னு சொல்றாங்க. அவங்க இந்த வண்டிய வித்துட்டு எதை வாங்கியிருக்காங்க தெரியுமா? அந்தப் பதினோரு குடும்பத்து வண்டிய. அதுல எனக்கும் இடமிருக்குன்னு கூப்பிடுறாங்க." அவள் கருவிப் பையைத் தூக்கிக் காட்டினாள். "கதவத் திறங்க. அரை மணி நேரத்துல சரி பண்ணிடுவேன். மழையப் பிடிச்சு நிரப்பிக்கலாம்."

தில்லைநாயகத்தின் கை தாழ்ப்பாள் வரை போனது. மங்கையின் மூக்கு நுனியில் ஒரு சொட்டு சேர்ந்து, கனத்து, விழுந்தது. அடுத்த சொட்டு சேர்ந்தது. கடல், ஆறு, சாக்கடை. அவள் ஓரடி உள்ளே வைத்தால் நான்கு தலைமுறை போயிற்று. இந்த ஏரியிலேயே, ஒருவேளை இந்த நாட்டிலேயே, மிஞ்சியிருக்கும் ஒரே ஒற்றை வரிப் பட்டயம் அவனுடையது.

"நீ நனைஞ்சிருக்க" என்றான்.

"மழைங்க."

"அதான். யாரு யாரு தண்ணியோ."

மங்கை கண்ணாடி வழியே அவனைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்தது கோபமில்லை. வடிகட்டியில் எதை எதையோ சுரண்டி எடுத்தபோதும் ஒருநாளும் சுளிக்காத அந்த முகம் அப்போது சுளித்தது.

"குழந்தை பொறந்தா சொல்லியனுப்புறேன்" என்று சொல்லிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சேற்றில் நிதானமாகக் கால் ஊன்றி நடந்தாள். பதினோரு குடும்பத்து வண்டியின் ஜன்னல்கள் இரண்டும் திறந்திருந்தன. உலகம்மாள் படியில் இறங்கி வந்து அவள் கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள்.

தில்லைநாயகம் வந்து மேசையருகே உட்கார்ந்தான். டம்ளரை எடுத்தான். வாடை மூக்கில் ஏறியது. ஆனால் பிண வண்டிக்காரரை நினைத்தபோது வந்த அந்தக் குமட்டல் வரவில்லை. இது நல்ல குடும்பத்துத் தண்ணீர். அலமாரியில் உலகம்மாள் விட்டுப்போன ஏலக்காய் டப்பா இருந்தது. இரண்டைத் தட்டிப் போட்டான். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தான்.

"வீட்டுத் தண்ணி வீட்டுத் தண்ணிதான்" என்றான். கேட்க அங்கே யாரும் இல்லை.